கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்

மார்ச் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை காலை, பஸ் டெப்போவின் பின்பக்கச் சுவரை ஒட்டிய சோபா பட்டறையில், இரண்டாவது கட்டணம் கேட்டு ஒரு கைபேசிக்குச் செய்தி வந்தது. மாலை நான்கு மணி கெடு.

செய்தியைப் படித்தவள் அண்ணி, பட்டறைக்காரரின் மனைவி. கணவரின் தங்கை அவளை அண்ணி என்று கூப்பிட்டாள். அதைக் கேட்டுப் பட்டறை ஆட்கள் கூப்பிட்டார்கள். பிறகு ரெக்சின் கடைக்காரர், டீ கொண்டு வருகிறவர் என்று பரவி, கடைசியில் அவளைவிட இருபது வயது மூத்த பல் டாக்டரும் போனில் "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்கும் நிலை வந்துவிட்டது.

போன மழையில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்ததும், அடுக்கி வைத்திருந்த ஃபோம் எல்லாம் ஊறி உப்பியதும், தையல் மிஷினின் மோட்டார் புகைந்து போனதும் முன்பே சொன்ன கதை. அதற்கப்புறம் நாத்தனாரின் போன் வழியாக வீட்டுக்குள் வந்த 'சிறுதொழில் மறுவாழ்வு மானியம்' பற்றியும், அதற்கு அண்ணி பதிவுக் கட்டணம் கட்டியது பற்றியும் போன வாரம் பார்த்தோம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அது பல் ஆஸ்பத்திரி கொடுத்த அட்வான்ஸ்.

அங்கே காத்திருப்புக் கூடத்து நாற்காலிகள் அத்தனைக்கும் புது மெத்தை, புது ரெக்சின் போட வேண்டும். மழைக்குப் பிறகு வந்த முதல் பெரிய ஆர்டர். அட்வான்ஸை வைத்துத்தான் ரெக்சின் வாங்க வேண்டும். மானியம் இரண்டே நாளில் வந்துவிடும், வந்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிடலாம் என்று அண்ணி அதில் பாதியை எடுத்துக் கட்டினாள். இரண்டு நாள் ஒரு வாரமாகிவிட்டது. நாளைக் காலை ரெக்சின் கடைக்குப் போவதாகக் கணவர் சொல்லியிருந்தார். அவருக்கு இது எதுவும் தெரியாது.

இப்போது கேட்பது 'விடுவிப்புக் கட்டணம்'. மீதமிருக்கும் பாதி அட்வான்ஸ் அதற்கு அப்படியே போய்விடும். கட்டினால் மானியம் நாளைக்கே கணக்கில் ஏறும். கட்டத் தவறினால் முன்பு கட்டியதும் கிடையாது. செய்தியில் இருந்தது இவ்வளவுதான்.

அவள் ஏன் முதலிலேயே சந்தேகப்படவில்லை என்று கேட்டால், பட்டறையின் நடுவில் கிடக்கும் மயில் பச்சை சோபாவைத்தான் காட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பெரிய மனிதர் ஆர்டர் கொடுத்தார். அட்வான்ஸ் கேட்கக் கூச்சப்பட்டு வேலையை முடித்தார்கள். ஆள் திரும்பவே இல்லை. அந்த நிறத்தை வேறு யாரும் வாங்கவும் இல்லை. பட்டறை ஆட்கள் அதில் உட்கார்ந்து டீ குடித்துக் குடித்து ஒரு பக்கம் பள்ளமாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே சட்டம்: அட்வான்ஸ் வராமல் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது. அட்வான்ஸ் கேட்கிறவன் வேலையை முடிப்பவன். கேட்காதவன்தான் கவனிக்க வேண்டிய ஆள். ஆகவே மானியம் தருகிறவர்கள் முன்பணம் கேட்டபோது அவளுக்கு நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

கையில் சாயம் தோய்ந்த பிரஷோடு நாத்தனார் வந்து நின்றாள். பட்டறையை ஒட்டிய வீட்டின் முன்னறையில் பார்லர் நடத்துகிறாள். வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் நாற்பது வயதிலும் அவள் பாப்பாதான்.

"இன்னொரு கட்டணம் கேக்கறாங்க பாப்பா."

"போன தடவையே கடைசின்னு சொன்னாரே அந்த ஆளு."

"இதையும் கடைசின்னுதான் போட்டிருக்கு."

"ரெண்டு கடைசியா? அப்ப முன்ன கட்டினது என்ன?"

"கடைசிக்கு முந்தின கடைசி போல."

பாப்பா சிரித்தாள். பிறகு சிரிக்கக் கூடாதோ என்று நிறுத்திக்கொண்டாள். மானியத்தை வீட்டுக்குள் கொண்டு வந்தவள் அவள். அவளுடைய பள்ளித் தோழி போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். 'எனக்கு மானியம் கைக்கு வந்தாச்சுடி, நீயும் போடு' என்று ஸ்டூடியோக்காரி அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

"அவளுக்கு வந்திருக்கே அண்ணி. வராமலா சொல்லுவா?"

"அதான் எனக்கும் புரியல. நான் ஒரு எட்டு சிறுதொழில் ஆபீஸ் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

"ஐயோ, அங்க போய்க் கேட்டா ஃபைல் கேன்சலாயிடும்னு சொன்னாரில்ல?"

"பேரைச் சொல்லாம கேக்கறேன். உங்க அண்ணன் வந்தா பேங்க்குக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

கணவர் விடிந்ததும் வண்டி எடுத்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நாற்காலிகளைக் கழற்றி ஏற்ற வேண்டும்.

*

சிறுதொழில் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் 'பழுது' என்று ஒட்டியிருந்த தாள் மஞ்சளாகிவிட்டது. விசாரணை என்று எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்த ஒரு பெண் அதிகாரி. அதை மாட்டிக்கொண்டு அண்ணியின் போனை வாங்கிப் பார்த்தார்.

"இந்தப் பேர்ல எங்ககிட்ட திட்டம் எதுவும் இல்லம்மா."

அண்ணிக்கு ஒரு நொடி நெஞ்சு லேசானது. மானியத்து ஆள் இதைத்தான் சொல்லியிருந்தான். போனில் பேசுகிற அவன் தன்னை ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொள்வான். வாய் நிறைய 'அக்கா' போடுவான். 'இது இன்னும் வெளிய அறிவிக்காத திட்டம் அக்கா, ஆபீஸ்ல கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க.' சொன்னபடியே இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் இருக்கிறது.

"பணம் ஏதாவது கேட்டாங்களா?" என்றார் அதிகாரி.

"கட்டணம் கேட்டாங்க. கட்டிட்டேன்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அது மோசடி. மானியம்னா நாங்கதான் உங்களுக்குக் கொடுக்கணும். உங்ககிட்ட முன்பணம் வாங்கிட்டு எந்த மானியமும் வராது."

"நாங்க அட்வான்ஸ் வாங்கித்தான் வேலை செய்யறோம் மேடம். நாங்க மோசடி இல்லையே."

"அது வேற."

"எப்படி வேற?"

அதிகாரி வாயைத் திறந்தார். அண்ணிக்குப் பின்னால் நின்ற வரிசையை எட்டிப் பார்த்தார். "வேறதாம்மா. அது வியாபாரம், இது மானியம்."

"வியாபாரத்துக்குத்தானே மானியம்?"

வரிசையில் யாரோ இருமினார்கள். அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, ஒண்ணு சொல்லுங்க. நீங்க எங்கயாவது விண்ணப்பம் போட்டீங்களா, அவங்களா கூப்பிட்டாங்களா?"

"அவங்கதான் கூப்பிட்டாங்க. உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம்னு."

"கேக்காமயே எப்படித் தேர்ந்தெடுப்பாங்க? பேங்க் விவரம் கொடுத்தீங்களா?"

"பணம் போடணும்னா கணக்கு எண் வேணும்ல?"

"ஓடிபி?"

"அது கொடுக்கல. அதெல்லாம் எனக்குத் தெரியும்."

"அதைத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க, இதை விட்டுட்டீங்களே," என்றார் அதிகாரி. திட்டுகிற குரல் இல்லை. "மேற்கொண்டு எதுவும் கட்டாதீங்க. பேங்க்ல சொல்லுங்க. அந்தப் பக்கமா போய் நில்லுங்க, அடுத்த ஆளு வரட்டும்."

அந்தப் பக்கம் போய் நின்றால் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. படியிறங்கினாள்.

கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வணக்கம். சாப்டீங்களா?"

"நான் ஆபீஸ்ல கேட்டேன். இல்லைன்னுட்டாங்க."

அவன் கோபப்படவில்லை. ரொம்ப அன்பாகச் சிரித்தான். "நான் சொன்னேன்ல அக்கா? அவங்க வேற என்ன சொல்லுவாங்க? உங்களை மாதிரி நல்லவங்க ஃபைல் கேன்சலாகக் கூடாதுன்னு நான் மேல பேசிப் பிடிச்சு வச்சிருக்கேன். நாலு மணிக்குள்ள முடிச்சுடுங்க."

மாடியிலிருந்த அரசு அதிகாரி நிற்க இடம் காட்டினார். போனில் இருப்பவன் சாப்பிட்டாயா என்று கேட்கிறான். இல்லை என்பதுதான் இருப்பதற்கு அடையாளம் என்றால், இல்லாததற்கு என்னதான் அடையாளம்? ஒரே வழிதான் இருந்தது. கையில் பணம் வாங்கிய ஸ்டூடியோக்காரியை நேரில் பார்த்துவிட வேண்டும்.

*

பாப்பா பார்லரைப் பூட்டிவிட்டு வந்தாள். இருவரும் ஆட்டோவில் போனார்கள். ஸ்டூடியோவின் கண்ணாடியில் மணமக்கள், மொட்டைத்தலைக் குழந்தை, யாரோ ஒருவரின் பாஸ்போர்ட் முகம் எல்லாம் வெயிலில் நீலமாகிப் போயிருந்தன. உள்ளே ஸ்டூடியோக்காரி ஒரு கிழவரின் தோளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஐயா, மூச்சை விடுங்க. பிடிச்சு வச்சா படம் கோவமா வரும்."

அவரை அனுப்பியதும் பாப்பா நேராகவே கேட்டாள். "ஏய், உனக்கு மானியம் வந்துச்சுல்ல? எப்ப வந்துச்சு?"

"வந்துடும்."

"வந்துடுமா, வந்துடுச்சா?"

ஸ்டூடியோக்காரி விளக்கை அணைத்தாள். வெள்ளைத் துணிப் பின்னணி சாம்பலானது. "வர்ற திங்கக்கிழமை கட்டாயம்னு சொல்லியிருக்காரு. நாலு கட்டணம் கட்டிட்டேன். இனி ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"வாங்கிட்டேன்னு எனக்கு மெசேஜ் போட்டியே."

"ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டா என் ஃபைல் மேல போகும்னாரு. வரப் போறதுதானேன்னு போட்டேன். பொய் சொல்லணும்னு போடலடி."

"பின்ன என்ன சொல்லணும்னு போட்ட?"

"வந்ததும் உண்மையாயிடும்ல?"

அண்ணி வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது, கோபம் வரவில்லை. ஸ்டூடியோக்காரியின் கண்ணுக்குக் கீழே கருவளையம். அலமாரியில் பெரிய கேமரா இருந்த இடத்தில் அதன் காலிப் பை மட்டும் கிடந்தது.

"கேமராவ வித்துட்டியா?" பாப்பா கேட்டாள்.

"அடகுதான். மானியம் வந்ததும் மீட்டுடுவேன்."

"அம்மா, ஆபீஸ்ல இது மோசடின்னு சொல்றாங்க," என்றாள் அண்ணி மெதுவாக.

"அப்படித்தான் சொல்லுவாங்கன்னு அவர் சொன்னாரே." ஸ்டூடியோக்காரியின் முகம் இறுகிவிட்டது. "உங்களுக்கு வேணாம்னா விட்டுடுங்க. என்னோடதைக் கெடுத்துடாதீங்க. நான் நாலு கட்டியிருக்கேன்."

காலையிலிருந்து அண்ணியின் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு அதுதான். எண் மட்டும் வேறு. இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டபோது அது நன்றாகவே இல்லை.

திரும்பும்போது, ஆட்டோ டெப்போ திருப்பத்துக்கு வந்ததும் பாப்பா சொன்னாள்: "பத்தாவதுல கணக்குப் பரீட்சையில நான் அவளைப் பார்த்துத்தான் எழுதினேன். ரெண்டு பேருமே ஃபெயிலு."

*

பட்டறை வாசலில் ஒருவர் பழைய இரட்டைச் சோபாவோடு காத்திருந்தார். புது சோபாவுக்கு மாற்றாகக் கொடுக்க வந்தவர். மனம் எங்கோ இருக்க, அண்ணி சோபாவின் அடியில் கையை விட்டுச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள். ஸ்பிரிங்கை அமுக்கினாள்.

"சட்டம் நல்லா இருக்கு. இதுக்கு உள்ள விலையைக் கழிச்சுக்கறோம். மீதியக் கொடுத்தா போதும்."

"சரிம்மா," என்று அவர் போய்விட்டார்.

அண்ணி அங்கேயே நின்றாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை. இப்போது சொன்னது தன் வாய்தான் என்று நம்ப முடியாதவள் போல நின்றாள்.

"பாப்பா, நாம அட்வான்ஸ் வாங்கி என்ன செய்யறோம்?"

"அண்ணன் பாதியக் கடன்காரனுக்குக் கொடுப்பாரு."

"விளையாடாத. துணி வாங்கறோம், ஃபோம் வாங்கறோம். வேலை செய்யக் கையில காசு வேணும்னுதான் வாங்கறோம். இவன் பணம் கொடுக்கறேங்கறான். பணம் மூட்டையா அவன்கிட்ட இருக்கு. என் காசை வாங்கி அவன் எதை வாங்கப் போறான்?"

பாப்பா யோசித்தாள். "ஏதாவது சட்டதிட்டம் இருக்குமோ என்னமோ."

"இருக்கும். இருந்தா அதையும் கேட்டுடறேன்."

பட்டறையில் ஸ்டேப்ளர் துப்பாக்கியின் சத்தம் ஓயவில்லை என்பதால் பார்லருக்குள் போனார்கள். அங்கே ஒரு பெண் முகம் முழுக்கப் பூச்சு பூசிக்கொண்டு, கண்ணில் வெள்ளரித் துண்டு வைத்துச் சாய்ந்திருந்தாள். பக்கத்து மருந்துக்கடைக்காரரின் மனைவி. வழக்கமாக வருகிறவள் என்பதால் பூட்டிய கதவின் சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்து, தானே திறந்து, தானே பூசிக்கொண்டு படுத்துவிட்டாள்.

போன் நான்கு மணிக்கு முன்பே அடித்தது. பாப்பா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நேரம் நெருங்குதே. அனுப்பிட்டீங்களா?"

"தம்பி, ஒரு யோசனை. கட்டணத்தை மானியத்துலயே கழிச்சுக்கோங்க. மீதியக் கொடுத்தா போதும்."



"அது முடியாதுக்கா. விதி அப்படி இல்ல."

"ஏன் முடியாது? பணம் உங்ககிட்டதானே இருக்கு. ரெண்டு மடங்கா வேணும்னாலும் கழிச்சுக்கோங்க. நான் கேள்வியே கேக்க மாட்டேன்."

"அக்கா, கட்டணம் வேற கணக்கு, மானியம் வேற கணக்கு. உங்களுக்குச் சொன்னா புரியாது."

"புரியாதுதான். நீங்க சொல்லுங்க, நான் மெதுவா புரிஞ்சுக்கறேன். நேர்ல வேணும்னாலும் வர்றேன். உங்க ஆபீஸ் எங்க இருக்கு?"

'அக்கா' என்ற வார்த்தை அதோடு நின்றது. "மேடம், நீங்க ஒப்புக்கிட்டு இப்ப பின்வாங்கறீங்க. ரத்து பண்ணினா அபராதம் வரும். வீட்டுக்குப் போலீஸ் வரும். உங்க கடை விலாசம் எங்ககிட்ட இருக்கு."

அவன் மோசடிக்காரன் என்று அண்ணிக்குப் பாதி தெரிந்துவிட்டது. மோசடிக்காரன் போலீஸை அனுப்புவானா என்ற கேள்விக்கு மீதிப் பாதி பதில் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தது.

நாற்காலியில் சாய்ந்திருந்த பெண், பூச்சு விரிசல் விடாதபடி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"வைங்க போனை."

அண்ணி வைத்துவிட்டாள்.

உடனே மறுபடி அடித்தது. பாப்பா போனைப் பிடுங்கினாள். "அண்ணி, என்னால வந்தது இது. நான் கட்டிடறேன். பார்லருக்குப் புது நாற்காலி வாங்கச் சேர்த்தது இருக்கு. கட்டிட்டா ரெண்டும் வந்துடும்ல? வராட்டி என் காசோட போகட்டும்."

"போனைக் கொடு."

"அண்ணன்கிட்ட நான் எப்படி முழிக்கிறது?"

"நான் முழிக்கிறேன். நீ கட்டினா நாளைக்கு மூணாவது கடைசி வரும் பாப்பா. உன் ஸ்டூடியோக்காரி அஞ்சாவதுக்கு நிக்கறா." பாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் போனை வாங்கி, அந்த எண்ணை வராமல் அடைத்தாள்.

*

வங்கி அட்டையின் பின்னால் அச்சடித்திருந்த எண்ணைக் கூப்பிட்டாள். இசை ஓடியது. பிறகு ஒரு பெண் எடுத்துப் பிறந்த தேதி கேட்டாள்.

"எதுக்கு?"

"நீங்கதான் பேசறீங்களான்னு சரிபார்க்க."

"நீங்கதான் பேங்க்கான்னு நான் எப்படிச் சரிபார்க்கறது?"

"மேடம், நீங்கதான் எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க."

அண்ணி அட்டையைத் திருப்பி எண்ணை மறுபடி பார்த்தாள். அது சரிதான். பிறந்த தேதியைச் சொன்னாள். அவளுக்கு என்னவோ அதையும் எங்கோ பறிகொடுத்தது போல இருந்தது. அந்தப் பெண் விவரங்களை வாங்கிக்கொண்டு, பணம் போன கணக்கில் இப்போது இருப்பு எதுவும் இல்லை என்றாள். புகார் எண் ஒன்று கொடுத்தாள். இணையக் குற்றப் பிரிவிலும் பதிவு செய்யச் சொன்னாள். திரும்பக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, உறுதி சொல்ல முடியாது என்றாள். எந்தக் கட்டணமும் கேட்கவில்லை. அண்ணிக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அவள் போனை வைத்தபோது வண்டி வந்து நின்றது. கணவர் இறங்கிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். பல் ஆஸ்பத்திரி நாற்காலிகள், கால்கள் மேலே பார்க்க, வண்டி நிறையக் கிடந்தன.

"ஏங்க, கொஞ்சம் இப்படி வாங்க."

மயில் பச்சை சோபாவின் பள்ளமில்லாத பக்கத்தில் அவரை உட்கார வைத்துச் சொன்னாள். முழுதாகச் சொன்னாள். பாப்பா பார்லர் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கையிலிருந்த குறடைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு போச்சு?"

"அட்வான்ஸ்ல பாதி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்லுவீங்கன்னு."

"சொல்லியிருக்க மாட்டேன்," என்றார் அவர். "அட்வான்ஸ் கேக்கறானா, அப்ப வேலைக்காரன்னு நானே கட்டியிருப்பேன்."

அதைக் கேட்டு ஆறுதல் அடைவதா, இன்னும் பயப்படுவதா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. அவர் திட்டியிருந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்றாவது தெரிந்திருக்கும்.

"ரெக்சின் வரலை, கொஞ்சம் தாமதமாகும்னு ஆஸ்பத்திரில சொல்லிடலாம் அண்ணா," என்றாள் பாப்பா.

"நாற்காலியெல்லாம் இங்க இருக்கு. அங்க பல்வலிக்காரங்க நின்னுக்கிட்டு இருக்காங்க. நான் பார்த்துட்டுத்தான் வர்றேன். ஒருத்தர் சுவத்துல தலையச் சாய்ச்சுக்கிட்டு." அவர் எழுந்து கையைக் கழுவினார். சட்டையை மாற்றவில்லை. "போய் உள்ளதைச் சொல்லிட்டு வர்றேன்."

"நானும் வரட்டுமா?"

"நீ புகாரைப் பதிவு பண்ணு."

அண்ணி பதிவு செய்தாள். திரையில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போட்டாள். 'நீங்கள் ஏன் பணம் அனுப்பினீர்கள்' என்ற கட்டத்துக்கு வந்தபோது வெகுநேரம் விரல் நகரவில்லை. 'கேட்டார்கள்' என்று மட்டும் போட்டாள்.

அந்திப் பொழுதில் விளக்கைப் போடச் சொல்லப் பார்லர் பக்கம் போனாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டிருந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் பாப்பா யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"முழுசா மீட்டுக் கொடுத்துடுவீங்களா சார்? ... என் ஃப்ரெண்டோட நாலும் சேர்த்தா? ... இல்ல சார், வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

அண்ணி திரையை விலக்கினாள். கண்ணாடியில் பாப்பா மைப் பென்சிலால் ஒரு நீண்ட எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணியின் முகம் கண்ணாடிக்குள் தெரிந்ததும் உள்ளங்கையால் அழித்தாள். எண் கறுப்புக் கோடாக இழுபட்டது.

"யாரு?"

"கஸ்டமர் அண்ணி. நாளைக்கு அலங்காரத்துக்கு."

"மீட்டுக் கொடுக்கறதுன்னு காதுல விழுந்துச்சே."

"முடிய. கொட்டின முடிய."

கேட்டது சரியா, நாள் முழுக்க அதையே நினைத்ததால் அப்படிக் கேட்டதா என்று அண்ணிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பாப்பாவின் உள்ளங்கை கறுப்பாக இருந்தது. அதை எட்டிப் பிடிக்கப் போன நேரத்தில் வாசலில் வண்டியின் சத்தம் கேட்டது.

கணவர் உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். டாக்டர் கடைசிவரை கேட்டார். பிறகு மேலாளரைக் கூப்பிட்டுப் பேசினார். பாதி நாற்காலிகளை நாளைக் காலை வேறு கடைக்காரர் இங்கே வந்து எடுத்துக்கொள்வார். மீதிப் பாதி இவர்களுக்கு. அதற்கான ரெக்சினை ஆஸ்பத்திரியே வாங்கி அனுப்பும். இனி அட்வான்ஸ் கிடையாது.

அவரும் பட்டறை ஆட்களும் வண்டியிலிருந்து பாதி நாற்காலிகளை மட்டும் இறக்கினார்கள்.